டோங்கவா மக்களின் தாய்மண் எது? டெக்சஸா, ஒக்லஹோமாவா?

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் வாழும் டோங்கவா பழங்குடியினர் 2023 டிசம்பரில் டெக்சஸ் மாநிலத்தில் 60 ஏக்கர் நிலத்தை, அதிலுள்ள சிறு மலையோடு சேர்த்து, விலைக்கு வாங்கினார்கள். "அது உண்மையிலேயே அவர்களுடைய பூர்விக நிலமா? 1601ஆம் ஆண்டு வாக்கில் அவர்கள் ஒக்லஹோமாவில்தான் இருந்தார்கள் என்று படித்தேன். அப்படியானால் டெக்சஸ் எப்படித் தாய்மண் ஆகும்? இன்று அந்த மண்ணோடு அவர்களுக்கு என்னதான் உறவு இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸின் நடுப்பகுதிதான் டோங்கவா மக்களின் தாய்மண். 1601ஆம் ஆண்டுச் சான்றை நான் மறுக்கவில்லை. அந்தச் சான்று உண்மையாக இருந்தாலும் இந்த முடிவு மாறாது. அது ஏன் என்பதுதான் இந்தப் பதிலின் பெரும்பகுதி.

அவர்கள் வாங்கிய மலையிலிருந்து தொடங்கலாம். ஆஸ்டின் நகருக்கு வடகிழக்கே மைலம் கவுண்டியில் காஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே, லிட்டில் ஆறு பிராசோஸ் ஆற்றோடு கலக்கும் பகுதியில், ஓக் மரங்களும் புல்வெளியும் மாறி மாறி வரும் நிலத்திலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு குன்று எழுகிறது. அமெரிக்க வரைபடங்களில் அதன் பெயர் சுகர்லோஃப் மலை. டோங்கவா மொழியில் நாட்டன் சாமோக்ஸ், அதாவது செம்மலை. உயரத்தை வைத்துப் பார்த்தால் மலை என்று சொல்லவே தயங்குவோம். ஆனால் சுற்றிலும் அவ்வளவாக மேடு இல்லாத நிலம் என்பதால் தொலைவிலிருந்தே கண்ணில் படும். ஸ்பானியர் காலத்தில் மெக்சிகோவிலிருந்து கிழக்கு டெக்சஸ் வழியாக லூசியானா வரை சென்ற எல் கமீனோ ரியல் என்னும் அரச பாதையில் போனவர்களுக்கும் அது ஓர் அடையாளக் குன்றாக இருந்தது.

டோங்கவா மக்களுக்கு அது தாங்கள் தோன்றிய இடம். மண்ணுக்குள் இருந்த முதல் மனிதர்களை ஓநாய்கள் வெளியே கொண்டுவந்தன என்பது அவர்களுடைய நம்பிக்கை. இது வெறும் கதையாகச் சொல்லப்பட்டு நின்றுவிடவில்லை, சடங்காகவும் நடத்தப்பட்டது. டெக்சஸில் பூர்வகுடிகளின் விவகாரங்களைக் கவனிக்கும் அரசு முகவராகப் பணியாற்றிய ராபர்ட் நெய்பர்ஸ் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தச் சடங்கைப் பற்றி ஒரு விவரிப்பைத் தந்திருக்கிறார். ஓநாய்த் தோலைத் தலை முதல் கால் வரை போர்த்திய ஆண்கள் நான்கு கால்களில் ஊர்ந்து, ஊளையிட்டு, தரையை மோப்பம் பிடித்தபடி சுற்றி வருவார்கள். ஓரிடத்தில் ஒருவர் நின்று ஊளையிட்டதும் எல்லோரும் அங்கே கூடி நகங்களால் மண்ணைப் பறிப்பார்கள். அங்கே முன்பே புதைத்து வைக்கப்பட்ட ஒரு டோங்கவா ஆள், உடம்பில் துணியில்லாமல், உயிரோடு வெளியே வருவார். ஓநாய்கள் அவரை முகர்ந்து பார்க்கும். பிறகு கூடி ஆலோசித்து அவர் கையில் வில்லையும் அம்பையும் கொடுக்கும். ஓநாய் போலவே அலைந்து வேட்டையாடிப் பிழைத்துக்கொள், மண்ணை உழாதே என்று சொல்லும்.

கடைசியில் வரும் அந்தக் கட்டளையைக் கவனியுங்கள். டோங்கவா மக்கள் காட்டெருமையையும் மானையும் வேட்டையாடியவர்கள். பிக்கான் கொட்டைகளும் கிழங்குகளும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் அவர்களுடைய உணவு. வேலி கட்டி, உழுது, பத்திரம் எழுதிக்கொள்ளும் நிலவுடைமை அவர்களுடைய மரபில் இல்லை. பின்னாளில் வந்த குடியேற்றக்காரர்கள் "இவர்கள் இங்கே அலைகிறார்களே தவிர, இங்கே வாழவில்லை" என்று முடிவு கட்ட இதையே காரணமாக்கினார்கள். உழுதவனுக்கு மட்டுமே மண் சொந்தம் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கை நாமும் நம்மை அறியாமல் பல இடங்களில் போட்டுவிடுகிறோம்.

இனி 1601க்கு வருவோம். அந்த ஆண்டு ஹுவான் டி ஓன்யாட்டே தலைமையில் நியூ மெக்சிகோவிலிருந்து கிழக்கே சமவெளிக்குள் வந்த ஸ்பானியப் படை, மிகேல் என்று பெயரிடப்பட்ட பூர்வகுடி ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனது. 1602இல் மெக்சிகோ நகரில் அவர் தனக்குத் தெரிந்த ஊர்களையும் வழிகளையும் காட்டி ஒரு வரைபடம் வரைந்தார். அதில் டான்கோவா என்று ஓர் ஊர்ப்பெயர் வருகிறது. அது டோங்கவாதான் என்றும், அந்த இடம் இன்றைய ஒக்லஹோமாவின் வடக்குப் பகுதியில் இருந்தது என்றும் மானிடவியலாளர்கள் வாதிட்டார்கள். அப்பாச்சி போன்ற பிற இனங்களின் நெருக்குதலால் டோங்கவாக்கள் தெற்கே சிவப்பு ஆற்றைக் கடந்து டெக்சஸுக்கு வந்திருக்க வேண்டும் என்ற கருத்து அதிலிருந்து பிறந்தது. தங்கள் வேர் நடு டெக்சஸில்தான் என்பது டோங்கவா மக்கள் சொல்லும் வரலாறு.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. 1601இல் ஒக்லஹோமாவில் ஒரு டோங்கவாக் கூட்டம் இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் இன்று டோங்கவா என்று நாம் அழைக்கும் மக்கள் அந்த ஒரு கூட்டத்தின் வழித்தோன்றல்கள் மட்டும் அல்லர். மயேயே, யோஹுவானே, எர்விப்பியாமே என்று தனித்தனிப் பெயர்களில் அறியப்பட்ட பல குழுக்கள் 18ஆம் நூற்றாண்டில் ஒன்றோடொன்று கலந்துதான் அந்த இனம் உருவானது. அந்தக் கலப்பு நடந்த இடம் பிராசோஸ், லிட்டில் ஆறு, சான் கேப்ரியல் ஆறுகளின் கரை. ரான்செரியா கிராண்டே, அதாவது பெருங்குடியிருப்பு என்று ஸ்பானியர்கள் அழைத்த பல்லினக் குடியிருப்பு அந்தப் பகுதியில்தான் இருந்தது. 1716இல் அதன் வழியே சென்ற ஸ்பானியக் குழு, அங்கே 2,000 பேருக்கு மேல் இருந்ததாகக் குறித்து வைத்திருக்கிறது. பெரியம்மையாலும் போராலும் சிதறிய பல கூட்டங்கள் அங்கே ஒன்றுசேர்ந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, பேச்சையும் சடங்கையும் பகிர்ந்து ஓர் இனமாக ஆயின. செம்மலை நிற்பதும் அதே வட்டாரத்தில்தான். ஓர் இனம் எங்கே இனமாக ஆனதோ அதைத் தாய்மண் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? முந்தைய தலைமுறைகளில் சில எங்கிருந்து நடந்து வந்தன என்பது வேறு கேள்வி. அப்படித் தோண்டிப் பார்த்தால் உலகில் எந்த இனத்துக்கும் தாய்மண் என்று ஒன்று மிஞ்சாது.

ஸ்பானிய ஆவணங்களும் இதைத்தான் உறுதி செய்கின்றன. இந்தக் குழுக்களுக்காகவே 1740களின் பிற்பகுதியில் இன்றைய ராக்டேல் ஊருக்கு அருகே சான் கேப்ரியல் ஆற்றங்கரையில் மூன்று கத்தோலிக்க மிஷன்களை, அதாவது மதம் பரப்பும் குடியிருப்புகளை, ஸ்பானியர்கள் நிறுவினார்கள். இதுவும் மைலம் கவுண்டிதான். அந்த மிஷன்கள் நிலைக்கவில்லை. வறட்சி, நோய், அப்பாச்சித் தாக்குதல், மிஷன் பாதிரியார்களுக்கும் ஸ்பானியப் படைத் தலைவருக்கும் இடையே முற்றிய பகை என எல்லாம் சேர்ந்து 1755இல் அவற்றைக் கைவிட வைத்தன. அதன்பின் ஸ்பானியர்கள் அப்பாச்சிகளுக்காக சான் சபா ஆற்றங்கரையில் ஒரு மிஷன் கட்டியபோது, தங்கள் எதிரிக்குத் துணை போகிறார்கள் என்று கொதித்த கோமாஞ்சி, விச்சிட்டா என்னும் பூர்வகுடி இனத்தவரும் டோங்கவாக்களும் சேர்ந்து 1758இல் அதை எரித்தார்கள்.

அடுத்து வந்தவர்கள் ஆங்கிலம் பேசும் குடியேற்றக்காரர்கள். டோங்கவா வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இந்தப் பகுதிதான். இவர்களோடு டோங்கவாக்கள் பெரிய போர் எதையும் நடத்தவில்லை. மாறாக, அவர்கள் பக்கம் நின்றார்கள். கோமாஞ்சிகளுக்கும் டோங்கவாக்களுக்கும் இடையே அதற்குள் பகை முற்றியிருந்தது. வலுவான பகைவர்களுக்கு நடுவே சிக்கிய சிறிய இனம் அது. துப்பாக்கி வைத்திருக்கும் புதியவர்களோடு சேர்ந்தால் தங்கள் மண்ணில் தங்கலாம் என்று நம்பினார்கள். 1837, 1838 ஆண்டுகளில், அப்போது தனி நாடாக இருந்த டெக்சஸ் குடியரசோடு உடன்படிக்கைகளும் செய்துகொண்டார்கள். 1840 ஆகஸ்டில் லாக்ஹார்ட் ஊருக்கு அருகே பிளம் கிரீக் என்ற இடத்தில் கோமாஞ்சிகளோடு போர் நடந்தபோது, டோங்கவாத் தலைவர் பிளாசிடோ தன் வீரர்கள் 13 பேருடன் வந்தார். அவர்களிடம் குதிரை இல்லை. டெக்சஸ் குதிரைப்படையின் பக்கத்திலேயே ஏறத்தாழ 30 மைல் ஓடி வந்தார்கள். எதிரி என்று நினைத்துத் தங்களையே சுட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கையில் வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார்கள். போர்க்களத்தில் குதிரைகளைக் கைப்பற்றி ஏறிக்கொண்டு சண்டையிட்டார்கள்.

இவ்வளவு செய்தும் கையில் ஒரு பிடி நிலம் நிலைக்கவில்லை. அதற்கு இனவெறுப்பு மட்டுமே காரணம் அல்ல, ஒரு சட்டக் காரணமும் இருந்தது. அமெரிக்காவின் பிற மேற்குப் பகுதிகளில் பொது நிலம் மத்திய அரசின் கையில் இருந்தது. பூர்வகுடிகளை எவ்வளவு கொடுமையாக நடத்தினாலும், ஒதுக்கு நிலம் என்று ஒன்றை வரைந்து கொடுக்க அந்த அரசிடம் நிலமாவது இருந்தது. டெக்சஸ் தனி நாடாக இருந்து 1845இல் அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தபோது, தன் பொது நிலம் முழுவதையும் தானே வைத்துக்கொள்வது என்ற ஏற்பாட்டோடு சேர்ந்தது. பூர்வகுடி விவகாரம் வாஷிங்டனின் பொறுப்பு, நிலமோ டெக்சஸின் தலைநகரான ஆஸ்டினின் சொத்து. பூர்வகுடிகளுக்கு இங்கே நில உரிமை உண்டு என்பதை டெக்சஸ் ஏற்கவும் இல்லை. ஆகவே மத்திய அரசு முகவர்களால் உடன்படிக்கை செய்ய முடிந்தது, நிலம் தர முடியவில்லை. இந்த முட்டுக்கட்டை தீர 1854 வரை ஆனது. அந்த ஆண்டு டெக்சஸ் சட்டமன்றம் 12 லீக், அதாவது ஏறத்தாழ 53,000 ஏக்கர் நிலத்தை ஒதுக்கியது. யங் கவுண்டியில் பெல்க்நாப் கோட்டைக்குத் தெற்கே பிராசோஸ் ஆற்றங்கரையில் அமைந்த ஒதுக்கு நிலத்தில் டோங்கவாக்களும், காடோ, அனடார்க்கோ, வேக்கோ முதலிய பிற இனத்தவரும் குடியேற்றப்பட்டார்கள். செம்மலையிலிருந்து அது வெகு தொலைவு. என்றாலும் அதே பிராசோஸ் ஆற்றின் மேல்பகுதி.

அங்கே அவர்கள் ஐந்து ஆண்டுகள்தான் இருந்தார்கள். சுற்றியிருந்த குடியேற்றக்காரர்கள் எல்லைப்புறக் கொள்ளைகள் அனைத்துக்கும் ஒதுக்கு நிலத்து மக்களைப் பழித்தார்கள். 1858 மே மாதம் பிளாசிடோவும் ஒதுக்கு நிலத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களும் டெக்சஸ் ரேஞ்சர்கள் என்னும் எல்லைக் காவல் படையோடு கேனடியன் ஆறு வரை சென்று கோமாஞ்சிகளோடு போரிட்டுத் திரும்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், அனுமதியோடு வேட்டைக்குப் போய் முகாமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஒதுக்கு நிலத்துக் குடும்பங்களை வெள்ளையர் கும்பல் ஒன்று சுட்டது. கொல்லப்பட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. 1859 மே மாதம் ஜான் பேய்லர் என்பவர் ஆயுதம் தாங்கிய கூட்டத்தோடு ஒதுக்கு நிலத்தையே தாக்க வந்தார்.

மேலே ஓநாய்ச் சடங்கின் விவரிப்பில் குறிப்பிட்ட அதே ராபர்ட் நெய்பர்ஸ்தான் அப்போது டெக்சஸ் பூர்வகுடிகளின் மேற்பார்வை முகவர். இனி இவர்கள் இங்கே உயிரோடு இருக்க முடியாது என்று தெரிந்ததும், 1859 ஆகஸ்டில் எல்லோரையும் தானே அழைத்துக்கொண்டு சிவப்பு ஆற்றைக் கடந்தார். இன்றைய ஒக்லஹோமாவின் அனடார்க்கோ பகுதியில் அவர்களை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். பெல்க்நாப் வந்து சேர்ந்ததும், செப்டம்பர் 14 அன்று, அவர் பூர்வகுடிகள் பக்கம் நின்றதை வெறுத்த ஒருவன் அவரைப் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றான். டோங்கவாக்களுக்காகப் பேசிய ஒரு வெள்ளை அதிகாரிக்கே அந்த ஊரில் அதுதான் முடிவு என்றால், டோங்கவாக்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அனடார்க்கோவிலும் நிம்மதி இல்லை. அமெரிக்காவின் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்கியதும் டோங்கவாக்கள் தென் மாநிலக் கூட்டமைப்போடு உடன்படிக்கை செய்தார்கள். 1862 அக்டோபரில் வடக்கை ஆதரித்த டெலவேர், ஷாவ்னி முதலிய இனங்களின் வீரர்கள் முதலில் அங்கிருந்த கூட்டமைப்பின் முகவர் நிலையத்தைத் தாக்கி, மறுநாள் தப்பி ஓடிக்கொண்டிருந்த டோங்கவாக்களை மடக்கினார்கள். ஏறத்தாழ 300 பேர் கொண்ட இனத்தில் 130க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். பிளாசிடோவும் அதில் மாண்டார். இனத்தில் பாதி என்று சொல்லலாம்.

அந்தப் படுகொலைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, டோங்கவாக்கள் மனித மாமிசம் தின்பவர்கள் என்பது. இந்தக் குற்றச்சாட்டை நீங்கள் எங்கேயாவது படித்திருப்பீர்கள், அதனால் இதைத் தாண்டிப் போக விரும்பவில்லை. போரில் வீழ்ந்த எதிரியின் உடலின் சிறு பகுதியைச் சடங்காக உண்ட நிகழ்வுகளைக் கண்டதாக 19ஆம் நூற்றாண்டில் எழுதியவர்கள் உண்டு. அத்தகைய சடங்கு டோங்கவாக்களிடம் மட்டுமே இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் "மனிதர் தின்னிகள்" என்ற பெயர் இவர்கள் மீது மட்டும் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. எண்ணிக்கையில் சிறிய, எதிரிகளுக்கு எதிராக வெள்ளைப் படைக்கு வழிகாட்டிய இனத்தின் மீது அந்தப் பழியைச் சுமத்துவது எல்லோருக்கும் வசதியாக இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

தப்பியவர்கள் எங்கே ஓடினார்கள் என்பது உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. டெக்சஸுக்கே ஓடினார்கள். மூன்றே ஆண்டுகளுக்கு முன் தங்களைத் துரத்திய அதே டெக்சஸ்! பெல்க்நாப் பக்கம் வந்து அலைந்தார்கள். 1867இல் ஷாக்கெல்ஃபோர்டு கவுண்டியில் கிரிஃபின் கோட்டை எழுந்ததும், அதன் அருகே ஆற்றங்கரைத் தட்டில் குடிசை போட்டுக்கொண்டு அமெரிக்க ராணுவத்துக்குத் தடம் காட்டும் வீரர்களாகப் பணியாற்றினார்கள். 1874-75 சிவப்பு ஆற்றுப் போரில் கர்னல் மெக்கன்சியின் படைக்கு வழிகாட்டியவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். தென் சமவெளியில் கோமாஞ்சிகளின் சுதந்திர வாழ்வு அந்தப் போரோடு முடிந்தது. ராணுவத்துக்கு டோங்கவாக்களின் தேவையும் அதோடு முடிந்துவிட்டது. 1881இல் கோட்டை மூடப்பட்டது. ராணுவத்தின் உணவுப் பங்கீடு நின்றுபோனது. காட்டெருமையோ தோல் வணிகர்களின் துப்பாக்கிக்கு இரையாகி முற்றாக மறைந்திருந்தது.

1884 அக்டோபரில், மிஞ்சியிருந்த 92 பேர் சிஸ்கோ என்ற ஊரின் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு ரயிலில் ஏற்றப்பட்டார்கள். ஒக்லஹோமாவில் சாக், ஃபாக்ஸ் இனத்தவரின் முகவர் நிலையத்தில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அடுத்த ஆண்டு மீண்டும் கிளம்பி, வண்டியிலும் கால்நடையாகவும் வடக்கே போய், 1885 ஜூன் 30 அன்று ஓக்லாண்டு முகவர் நிலையத்தை அடைந்தார்கள். அதுதான் இன்றைய டோங்கவா ஊருக்கு அருகே இருக்கும் இடம். இந்தப் பயணத்தைத் தங்கள் கண்ணீர்ப் பாதை என்று டோங்கவாக்கள் அழைக்கிறார்கள். செம்மலையிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தாலும் 650 கிலோமீட்டர் தொலைவில் அவர்கள் இறக்கிவிடப்பட்டார்கள்.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நிலம் அதற்குச் சற்று முன்புதான் காலியாகியிருந்தது. அங்கே இருந்தவர்கள் வடமேற்கு மலைநாட்டைச் சேர்ந்த நெஸ் பெர்சே மக்கள், தலைவர் ஜோசஃபின் ஆட்கள். 1877இல் போரில் சரணடைந்த பிறகு தங்கள் ஊருக்குத் திரும்பலாம் என்று நம்பியிருந்தவர்களை அமெரிக்க அரசு இந்தச் சூடான சமவெளிக்கு நாடுகடத்தியிருந்தது. அவர்களுடைய குழந்தைகள் பலர் நோயில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார்கள். பல ஆண்டுகள் முறையிட்டு, 1885 மே மாதம் அவர்கள் வடமேற்குக்குத் திரும்பிப் போனார்கள். அடுத்த மாதமே டோங்கவாக்கள் வந்து இறங்கினார்கள். ஓர் இனம் வெளியேறப் போராடி வென்ற இடத்தில், இன்னோர் இனத்தை நிரந்தரமாகக் குடிவைத்தார்கள். இந்த வரலாற்றில் இதைவிடக் கசப்பான ஓர் இடத்தை நான் படித்ததில்லை.

அந்த நிலமாவது முழுமையாக நின்றதா என்றால், அதுவும் இல்லை. ஒதுக்கு நிலம் மொத்தம் ஏறத்தாழ 90,000 ஏக்கர். இனத்துக்குப் பொதுவாக இருந்த நிலத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து, மீதியை "உபரி" என்று அறிவித்து வெள்ளையருக்குத் திறந்துவிடுவது அன்றைய அரசுக் கொள்கை. 1891இல் டோங்கவாக்களிடம் அப்படி ஓர் ஒப்பந்தம் வாங்கப்பட்டது. தனிநபர் பங்காகக் கிடைத்தது 11,000 ஏக்கரைச் சற்றுத் தாண்டும். மீதி 1893 செப்டம்பர் 16 அன்று, செரோக்கி அவுட்லெட் எனப்படும் பெரும் நிலப்பரப்போடு சேர்த்து, பந்தயம் போல ஓடிப்போய் முதலில் கொடி நட்டவர்களுக்குச் சொந்தமானது. அடுத்த ஆண்டு எழுந்த வெள்ளையர் நகரத்துக்கு டோங்கவா என்றே பெயர் வைத்தார்கள். தனிநபர் பங்குகளும் பின்னர் கை மாறின. 1921இல் இனத்தில் எஞ்சியவர்கள் 34 பேர் என்று கணக்கிடப்பட்டது.

மொழியின் கதியையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் மண்ணின் பெயர்கள் மொழியில்தான் இருக்கின்றன. டோங்கவா மொழிக்கு உறவு மொழி என்று உறுதியாகச் சொல்லத்தக்க எதுவும் இல்லை. தனித்து நின்ற மொழி அது. 1920களின் இறுதியில் ஹாரி ஹோய்ஜர் என்ற மொழியியலாளர் ஒக்லஹோமாவுக்குப் போனபோது அதைப் பேசக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க முதியவர்கள்தான். அவர்களில் ஜான் ரஷ் பஃபலோ என்பவரிடம் உட்கார்ந்து அவர் எழுதிக்கொண்ட சொற்களும் கதைகளும் 1933இல் வெளியான இலக்கணத்துக்கும், 1949இல் வெளியான அகராதிக்கும் அடிப்படையாயின. அந்த முதியவர்களுக்குப் பிறகு சரளமாகப் பேசுவோர் இல்லை. இன்று இளைய டோங்கவாக்கள் தங்கள் சொற்களை மீட்டுக் கற்பது பெரும்பாலும் அந்தக் குறிப்புகளிலிருந்துதான்.

இப்போது "இன்று என்ன உறவு இருக்கிறது?" என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 34 பேராகச் சுருங்கிய அந்த இனம் மீண்டு, இன்று பல நூறு பேரைக் கொண்டிருக்கிறது. 1938இல் ஓர் அரசியல் சாசனத்தை ஏற்று, மத்திய அரசு அங்கீகரித்த பழங்குடி அரசாக இயங்குகிறது. அலுவலகம், மருத்துவ வசதி, சூதாட்ட விடுதிகள் எல்லாம் ஒக்லஹோமாவின் கே கவுண்டிப் பக்கம்தான். ஒவ்வொரு ஜூன் மாத இறுதியிலும் 1885ஆம் ஆண்டு வருகையை நினைவுகூர்ந்து பௌவௌ எனப்படும் ஆட்டப் பெருவிழா நடக்கிறது. நாடுகடத்தலின் முடிவைக் குறிக்கும் நாளையே கூடிக் கொண்டாடும் நாளாக மாற்றிக்கொண்ட மனத்திடத்தை நான் மதிக்கிறேன். அந்த மண்ணிலும் அவர்களுடைய நான்கைந்து தலைமுறைகள் புதைந்திருக்கின்றன. அதையும் ஊர் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

டெக்சஸில் நிலைமை வேறு. அந்த மாநிலத்துக்குள் ஒதுக்கு நிலம் உள்ள, மத்திய அரசு அங்கீகரித்த பழங்குடிகள் மூன்று: அலபாமா-கூஷாட்டா, யஸ்லெட்டா டெல் சூர், கிக்கப்பூ. மூன்றுமே பிற இடங்களிலிருந்து அங்கு வந்து சேர்ந்தவை. நடு டெக்சஸில் உருவான டோங்கவாவுக்கு அங்கே 2023 வரை இனத்தின் பெயரில் நிலம் இருக்கவில்லை. கிராஃபோர்டு ஊருக்கு அருகே டோங்கவா அருவி, டோங்க் ஓடை என்று பெயர்ப் பலகைகளில் மட்டும் அவர்கள் இருந்தார்கள்.

அதனால்தான் அந்த 60 ஏக்கருக்கு இவ்வளவு முக்கியத்துவம். எல் கமீனோ ரியல் 2004இல் தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பாதையைக் காக்கும் சங்கம் செம்மலையின் வரலாற்று மதிப்பை உணர்ந்து, டோங்கவா இனம் அதை வாங்கத் துணை நின்றது. இனத் தலைவர் ரசல் மார்ட்டினும் மற்றவர்களும் அதைத் தங்கள் தோற்ற மலை திரும்பக் கிடைத்ததாகவே பேசினார்கள். அதைப் பாதுகாத்து, பொதுமக்களும் வந்து பார்க்கும் வரலாற்றுப் பூங்காவாக ஆக்குவது திட்டம். வெளியேற்றப்பட்டு ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழித்து நடந்த காரியம் இது.

இதை "திரும்பக் கொடுத்தார்கள்" என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது தவறு. யாரும் திரும்பக் கொடுக்கவில்லை. டெக்சஸ் அரசும் கொடுக்கவில்லை, வாஷிங்டனும் கொடுக்கவில்லை. சந்தையில் நிலம் வாங்கும் எவரையும் போல டோங்கவாக்கள் பணம் கட்டிப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். ஒரு காலத்தில் பத்திரம் இல்லை என்ற காரணத்தால் உரிமை மறுக்கப்பட்டவர்கள், அதே பத்திர முறைக்குள் நுழைந்துதான் தங்கள் மலையை அடைய வேண்டியிருந்தது. விலைக்கு வாங்கியதாலேயே அது ஒதுக்கு நிலம் ஆகிவிடாது, அங்கே பழங்குடி அரசின் ஆட்சி உரிமையும் தானாக வந்துவிடாது. அதற்கு மத்திய அரசு அந்த நிலத்தை அறக்கட்டளை நிலமாக, அதாவது இனத்துக்காகத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் நிலமாக, ஏற்க வேண்டும். அது தனி நடைமுறை, நீண்டதும்கூட.

"அப்படியானால் டோங்கவாக்கள் டெக்சஸுக்குத் திரும்பிப் போவார்களா?" என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். குடிபெயர்வது இப்போது திட்டம் அல்ல. வீடு, வேலை, பள்ளி, கல்லறை எல்லாம் ஒக்லஹோமாவில் இருக்கின்றன. 60 ஏக்கரில் ஓர் இனம் குடியேறவும் முடியாது. ஆனால் இதுவரை அந்த மலைக்குப் போக வேண்டுமானால் யாரோ ஒரு நில உரிமையாளரின் அனுமதியைக் கேட்க வேண்டியிருந்தது. இனி டோங்கவாப் பெரியவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் அங்கே பாடலாம், சடங்கு செய்யலாம், மலையை அதன் பழைய பெயரால் அழைத்து அறிமுகப்படுத்தலாம். அங்கு வரும் டெக்சஸ் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த மண்ணின் வரலாற்றைச் சொல்லும் பொறுப்பும் டோங்கவாக்கள் கைக்கு வந்திருக்கிறது.